பச்சைவீட்டின் மற்ற முனை

என் மகள் கேட்காமலே உதவிக்கு வந்து நின்றால் அதற்குள் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். சிசிலியாவை நான் இன்றைக்கு நேற்றா பார்க்கிறேன்? சின்ன வயதில் ஒருநாள் கேட்காமலே என் சாரத்தைத் தோய்த்துக் காயப்போட்டாள். பின்னேரம் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் எவளுக்கோ மண்டையில் சிலேற்றால் அடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகவே, தொண்ணூற்றிநாலாம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவளும் மருமகன் லியோனும் பேத்தி ஸ்ரெல்லாவும் பூசை முடிந்த கையோடு இரண்டு சைக்கிள்களில் வந்து இறங்கி, பின்வளவில் எனக்கு ஒரு பச்சைவீடு கட்டித் தரப்போவதாகச் சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை. வாயில் இருந்த சுருட்டை எடுத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கிணற்றடி வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைவீடு என்பது லியோனின் சொல். அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மாரி மழைக்கு ஊரெல்லாம் நாற்று அழுகிப்போகும். மேலே பொலித்தீன் போட்டுப் பக்கங்களை அடைத்து, வெயிலை உள்ளே விட்டு மழையை வெளியே நிறுத்திவிட்டால், மற்றவர்கள் தையில் நாற்றுக்கு அலையும்போது எங்களிடம் தக்காளிக் கன்று தளதளவென்று நிற்கும் என்று அவர் விளக்கினார். வெளிநாடுகளில் இதைக் கண்ணாடியால் கட்டுவார்களாம். எங்களுக்குக் கண்ணாடிக்கு எங்கே போவது? குண்டு விழுந்த அதிர்வில் ஊரில் உடையாமல் மிஞ்சிய கண்ணாடி ஸ்ரெல்லாவின் மூக்குக்கண்ணாடி ஒன்றுதான்.

ஆனால் பொலித்தீன் என்னிடம் இருந்தது. வலையும் இருந்தது. கரையோரக் குருநகரில் இருந்து சண்டைக்குப் பயந்து ஓடி வந்தபோது மற்றவர்கள் நகையும் காணி உறுதியும் கொண்டு வந்தார்கள். நான் என் வலைகளையும், இறால் பெட்டிக்குள் ஐஸுக்குக் கீழே விரிக்கிற பொலித்தீன் சுருள் ஒன்றையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் மனுசி லூர்த்தம்மா வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தாள். கோப்பாயில் எந்தக் கடலில் வலை போடப் போகிறாய் மனுசா என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். நான் பதில் சொல்லுவதற்கு முன் அவள் காய்ச்சலில் கிடந்து போய்விட்டாள். கடலில் இறங்கக்கூடாது என்ற அரசாங்கத்தின் தடை மட்டும் போகாமல் இருந்தது.

நான் இருந்தது ஞானாம்பிகை ரீச்சரின் வளவு. அவர் கொழும்புக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னை இருத்திவிட்டுப் போனார். பெரிய வீடு. ஒரு ஆள் சமைத்து, ஒரு ஆள் சாப்பிட்டு, ஒரு கோப்பை கழுவுகிற வீட்டில் சத்தம் என்று ஒன்று இருக்காது. சில நாட்களில் என் குரல் இருக்கிறதா என்று பார்க்கவே காகத்துக்கு ஏசுவேன். மகள் வீடு கோப்பாய்ச் சந்திக்கு அந்தப் பக்கம். சைக்கிளை மிதித்தால் ஒரு சுருட்டுப் பிடித்து முடிகிற தூரம். ஆனாலும் அவர்கள் வருவது கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் லூர்த்தம்மாவின் திவசத்துக்கும்தான். என்னைத் தங்களோடு வந்து இருக்கச் சொல்லி ஒருமுறை கேட்டாள். நான் கொஞ்சம் வீறாப்பாக மாட்டேன் என்றேன். இரண்டாம் முறை கேட்பாள் என்று நினைத்தேன், அவள் கேட்கவில்லை.

அந்த முதல் ஞாயிறே கம்பு நட்டோம். லியோன் நூல் பிடித்து அளந்தார், சிசிலியா அலவாங்கால் கிடங்கு கிண்டினாள். கூரைச் சலாகைக்குக் கமுகு, தூணுக்குப் பூவரசு. செம்பாட்டு மண் கையில் ஒட்டினால் இலேசில் போகாது. கடல்காரனின் கை சிவப்பாக இருப்பதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்ரெல்லா கொஞ்ச நேரம் கம்பைப் பிடித்துவிட்டு, வேலியில் ஓலை விலகின பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் போய்விட்டாள். அங்கே ஏரம்புவின் பேத்தி லோஜினி இருந்தாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. லோஜினியின் தாய் தகப்பன் இரண்டு பேரும் ஷெல்லடியில் செத்துப் போனதால் அந்தப் பிள்ளையை வளர்த்தது ஏரம்புதான்.

ஏரம்பு பரம்பரைத் தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் அவருக்குக் கைவந்த தொழில். வேலிக்கு மேலால் தலையை நீட்டி எங்கள் வேலையைப் பார்த்து மூக்கால் சிரித்தார். "மரியரட்ணம், உது தோட்டமோ தோணியோ? பாயும் கட்டினீர் எண்டால் மண்டைதீவுக்கு ஓடலாம்" என்றார். நான் முதலாவது தக்காளிப்பழம் அவருக்குத்தான், விட்டெறிவேன் என்று சொன்னேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான். அவர் என்னைப் பகிடி பண்ணாத நாள் எனக்கு விடிந்த மாதிரி இருக்காது.

விஷயத்தை எனக்குச் சொன்னதும் அவர்தான். வார நடுவில் வேலியடிக்கு வந்து, லியோனை பாஸ் எடுக்கிற வரிசையில் கண்டதாகச் சொன்னார். சொன்ன கையோடு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்கு, ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். குடும்பமாகப் போவதென்றால் சொந்தக்காரர் ஒருவர் பிணைக்கு நிற்க வேண்டும். போனவர்கள் சொன்ன நாளில் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதோடு அவருக்குப் பிறகு பாஸ் என்ற பேச்சே இல்லை. சிசிலியாவுக்கு என்னை விட்டால் சொந்தமென்று இங்கே யார் இருக்கிறார்கள்? லியோனின் தமையன் கனடாவில். அப்போது எனக்கு எல்லாம் வெளித்தது. தங்கள் பயணத்துக்கு என் கையெழுத்து வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. அதனால் பச்சைவீடு.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அன்று காகத்துக்கு நல்ல ஏச்சு விழுந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தபோது நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்தேன். காரணம் வெட்கங்கெட்டது. மகள் என் குசினியில் மரவள்ளிக்கிழங்கு அவித்தாள், மருமகன் கிணற்றடியில் இருந்து பாடினார், பேத்தி "அம்மப்பா, அம்மப்பா" என்று வளவு முழுக்கத் திரிந்தாள். வீடு வீடு மாதிரி இருந்தது. பச்சைவீடு முடிந்தால் அவர்கள் கேட்பார்கள். கேட்டால் போவார்கள். முடியாவிட்டால் அடுத்த ஞாயிறும் வருவார்கள். கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே நான் வேலையை இழுத்தடித்தேன். தூண் உயரம் போதாது என்று ஒருநாள் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நடவைத்தேன். பக்கத்து வலையில் கண் பெரிது, அணில் புகுந்துவிடும் என்று சொல்லி வேறு வலை எடுத்துப் பொத்தல் பொத்தத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கட்டிவிட்டுப் போன கயிறுகளில் இரண்டைத் திங்கட்கிழமை அவிழ்த்துவிடுவேன். காற்று அவிழ்த்துவிட்டது என்று சொல்லுவேன். சோளகக் காற்றுக் காலம்தானே, நம்பலாம். லியோன் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கட்டுவார்.

பொலித்தீன் சுருள் அகலம் போதாது. துண்டுகளை ஒட்ட வேண்டும். சிசிலியா சிரட்டைக்கரி போட்ட அயன்பொக்ஸைக் கொண்டு வந்து, இரண்டு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே பழைய பேப்பரை விரித்து மெதுவாகத் தேய்த்தாள். பேப்பரை உரித்தால் துண்டுகள் ஒட்டியிருந்தன. மரண அறிவித்தல் எழுத்து கொஞ்சம் அதில் தலைகீழாகப் பதிந்திருந்தது. ஸ்ரெல்லாவும் லோஜினியும் அதைத் தடவித் தடவி வாசித்துச் சிரித்தார்கள். அன்று மத்தியானம் எல்லாரும் வலைக்குக் கீழே சாக்கில் இருந்து சாப்பிட்டோம். ஏரம்புவையும் கூப்பிட்டேன். வெங்காயப் பூ வறை கொண்டு வந்தார். நான் கோப்பாய்க்கு வந்த பிறகு சந்தோஷமாக இருந்த நாள் என்றால் அதைத்தான் சொல்லுவேன்.

கூரை போடுகிற அன்றுதான் லியோனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. வலைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலையை இறுக்கிக் கட்டினால் மீன் முட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். தொய்ய விட்டால்தான் அகப்படும். மடி என்று சொல்லுவோம். வாழ்நாள் முழுக்கத் தொய்ய விட்டே கட்டின கை எனக்கு. பொலித்தீனையும் அப்படியே மடி விட்டுக் கட்டினேன். லியோன் அண்ணாந்து பார்த்து, மாமா, இது இறுக்கமாக நிற்க வேண்டும் என்றார். சோக்குக்கட்டி பிடித்த கை எனக்குக் கயிறு பழக்க வேண்டாம், இறுக்கினால் காற்றுக்குக் கிழிந்துவிடும் என்று சொன்னேன். சிசிலியா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அப்பாவின் விருப்பப்படி இருக்கட்டும் என்றாள். என் விருப்பப்படி அவள் ஒன்றை விட்டுக் கொடுத்தால் அதற்குள்ளும் விஷயம் இருக்கும்.

ஆவணி முடிகிற நேரம், ஒரு புதன்கிழமை லோஜினி பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவில்லை.

இருட்டுவதற்கு முன்னமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசின இயக்கக்காரரோடு வகுப்பில் மூன்று பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்களாம். ஏரம்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவர்களின் வாசல் வாசலாக நின்றார். அடுத்த நாளும் போனார். பிறகு போகவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தேன், பிள்ளைகள் போய் வந்த வேலிப் பொட்டைப் பனையோலை வைத்து அடைத்துக் கட்டியிருந்தார். வேலிக்கு மேலால் தலை நீட்டுகிறதும் நின்றுவிட்டது. நான் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம்தான் கேட்டது.

சிசிலியா ஞாயிறு வரும்வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமையே தனியாக வந்தாள். பச்சைவீட்டுக்குள் நான் தக்காளி விதைக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தாள். 

"அப்பா, எங்களுக்குப் பிணைக்கு ஆள் வேணும்" என்றாள்.

"தெரியும்."

"எப்ப துவக்கம் தெரியும்?"

"கம்பு நட்ட கிழமை துவக்கம்."

அவள் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். லோஜினி போன அன்று ஸ்ரெல்லாவும் எழுந்து நின்றிருக்கிறாள். மூக்குக்கண்ணாடியைப் பார்த்து, நீர் இரும் என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த முறையும் அப்படிச் சொல்லுவார்கள் என்று என்ன நிச்சயம்? கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போவதாக ஒரு மாதத்துப் பாஸ் கேட்டிருப்பதாகவும், பிணை ஒன்றுதான் மிச்சம் என்றும் சிசிலியா அழுகையோடு சொன்னாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவோம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

நான் அவளை மறித்தேன். "எனக்குச் சொல்லாதை, பிள்ளை. அங்கை கேப்பினம். அந்தப் பொய்யை நான் சொல்லுறன்."

பாஸ் கொடுக்கிற இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவன் சின்னப் பெடியன், மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. மரியாதையாகத்தான் கதைத்தான். லியோன் எனக்குப் பக்கத்தில் நின்றார். இவர்கள் திரும்பி வருவார்கள் என்று எதை வைத்துச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டான்.

"பின்வளவிலை நாங்கள் கட்டின பச்சைவீட்டுக் கூரை தொய்ஞ்சு கிடக்குது, தம்பி. அதை இழுத்துக் கட்ட என்ரை மகள் வரத்தானே வேணும்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினான். கூரை தொய்ந்திருப்பதை நான் முதல்முதல் ஒப்புக்கொண்டது அங்கேதான். லியோன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இளவயதில் முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டுக் கரைவலை இழுத்திருக்கிறேன். கரைவலையில் கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்கும் ஆளிடம் இருக்கும். வள்ளம் மற்ற முனையோடு கடலுக்குள் போய் வளைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பி வரும். அநேகமாகக் கரை முனையை என்னிடம்தான் தருவார்கள். அசையாமல் நிற்பேன் என்று பேர். வள்ளம் திரும்பாது என்று தெரிந்துகொண்டே கயிற்றைப் பிடித்தது அந்த ஒருமுறைதான்.

அவர்கள் போன அன்று, கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல் கடக்கப் புறப்படுமுன் வளவுக்கு என்னிடம் வந்தார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். வள்ளத்தின் நடுவில் இருங்கள், பிள்ளையைக் கீழே இருத்துங்கள், யார் எழும்பினாலும் நீங்கள் எழும்பாதீர்கள். ஸ்ரெல்லா பச்சைவீட்டுக்குள் போய் மேடையில் விதை போட்டுவிட்டு வந்தாள். முளைத்தால் சொல்லுங்கோ அம்மப்பா என்றாள். எப்படிச் சொல்லுவது, எங்கே சொல்லுவது என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சைக்கிளில் ஏறப்போன சிசிலியா திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"காத்து அவிழ்த்தது எண்டு ஒவ்வொரு கிழமையும் சொன்னியள், அப்பா. எனக்குத் தெரியும். எனக்கும் அது முடியக்கூடாது போலைதான் கிடந்தது."

அவர்கள் போன பிறகு நான் கேற்றைச் சாத்திவிட்டு வந்து பச்சைவீட்டுக்குள் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் அழுவதில் ஒரு சுகமும் இல்லை.

வவுனியாவில் இருந்து வந்த ஒருவர் அவர்களை அங்கே கண்டதாகச் சொன்னார். பிறகு கொழும்பில் இருப்பதாக ஒரு செய்தி வந்தது. தக்காளி முளைத்தது. மாதம் ஒன்று கடந்தது. நான் பாஸ் கொடுக்கிற இடத்துக்குப் போய், கண்ணில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமாம், கொஞ்சம் சுணங்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன் தலையை ஆட்டினான். நம்பினானோ இல்லையோ தெரியாது.

மழை வந்தது. லியோன் கூரையைப் பற்றிச் சொல்லி நான் கேளாததுதான் நடந்தது. தொய்ந்த கூரையின் நடுவில் தண்ணீர் தேங்கிப் பசுவின் மடி மாதிரித் தொங்கியது. உள்ளே நின்று தடியால் முட்டி விடுவேன். தண்ணீர் பக்கத்தால் வழிந்து என் தலையில்தான் ஊற்றும். கார்த்திகையில் ஒருநாள் விடாமல் அடித்த மழையில் சலாகை முறிந்து கூரை அப்படியே நாற்று மேடையில் இறங்கிவிட்டது. பாதிக் கன்று நசிந்து போனது. கடலில் எத்தனை வலையை இழந்திருக்கிறேன். அந்தக் கன்றுகளைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் எனக்கு அப்போதெல்லாம் வந்ததில்லை.

மழை விட்ட நாட்களில் சலாகையை மாற்றினேன். பொலித்தீன் கிழியவில்லை, சிசிலியா ஒட்டின ஒட்டு ஒரு இடத்திலும் விடவில்லை. அதை இறுக்கிப் போட வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தைக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் இழுத்தால், இந்தப் பக்கம் கோணி வந்துவிடும். அந்தப் பக்கத்தைக் கட்டிவிட்டு இங்கே வந்தால் நடுவில் மறுபடி மடி விழும். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் இழுக்க இரண்டு ஆள் வேண்டும். வளவைச் சுற்றிச் சுற்றி நடந்து கால் உளைந்ததுதான் மிச்சம். ஏரம்புவைக் கூப்பிட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கூப்பிடுவது? என் பேத்தியை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவருடைய பேத்தி போனது அவருக்கே கடைசியில்தான் தெரிந்தது. மிஞ்சின கன்றுகளுக்கு மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு, எப்படியும் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த மார்கழி போல் ஒரு மாதம் எதிரிக்கும் வரக்கூடாது. நத்தாரன்று பூசைக்குப் போய்விட்டு வந்து பேக்கரிப் பாணைச் சாப்பிட்டேன்.

நத்தார் கழிந்து ஒருநாள் காலையில் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது. ஒரு பிள்ளை நின்றாள். பெரிய சேட்டு, நீளக் காற்சட்டை, மடித்துக் கட்டின பின்னல்.

"ஐயா, பாஸ் பகுதியிலையிருந்து வாறன். உங்கடை ஆக்கள் ஒரு மாதத்துக்கெண்டு போனவை. எப்ப வருவினம் எண்டு கேட்டுவரச் சொன்னவை."

குரலைக் கேட்டுத்தான் ஆளைத் தெரிந்தது. முகம் அவ்வளவு ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. "லோஜினியோ?" என்றேன்.

"இப்ப அது என்ரை பேர் இல்லை" என்றாள்.

கண் சத்திரசிகிச்சைக் கதை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வானம் வேறு இருண்டுகொண்டு வந்தது. "பிள்ளை, மழை வரப்போகுது. உந்தக் கூரையின்ரை மற்ற முனையை ஒருக்காப் பிடிச்சு விடு" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு வந்தாள். நான் வேலிப் பக்கம் அவளை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து கயிற்றைப் பிடித்தேன். நான் இழுக்க அவளும் இழுத்தாள். தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளை, சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பொலித்தீன் மேளம் மாதிரி இறுகி நின்றது. ஏன் இவ்வளவு நாளும் தொய்ய விட்டீர்கள், தண்ணீர் நிற்கும் என்று தெரியாதா என்று கேட்டாள். வலையைத் தொய்ய விட்டால்தான் மீன் படும் என்று சொன்னேன். மூக்கால் சிரித்தாள், அவளுடைய தாத்தாவின் சிரிப்பு. வானத்தில் மீன் பிடிக்கப் போனீர்களோ என்றாள்.

கயிற்றைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மப்பா, ஸ்ரெல்லா வருவாளோ?"

ஸ்ரெல்லா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். எல்லாருக்கும் சொன்ன பொய்யை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்லை, மோனை. வரமாட்டாள்."

அவள் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள்.  "கண் சுகமாக இன்னும் சுணங்குமாம் எண்டு சொல்லுறன்" என்றாள்.

தாத்தாவைப் பார்த்துவிட்டுப் போ என்று கேட்டேன். வேலியைப் பார்த்தாள். அடைத்துக் கட்டின பொட்டையும் பார்த்தாள். நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏரம்புவின் கேற்றைக் கடக்கும்போது மணியை மட்டும் ஒருமுறை அடித்தாள்.

அவள் போன பிறகுதான் வேலியில் ஓலை சரசரக்கிற சத்தம் கேட்டது. ஏரம்பு பொட்டில் கட்டின ஓலையை இழுத்து எறிந்துவிட்டு உள்ளே வந்தார். எவ்வளவு நேரமாக அந்தப் பக்கம் நின்றாரோ தெரியாது. சேட்டுப் போடவில்லை, கையில் மண் அப்படியே இருந்தது.

"என்ன கேட்டவள்?" என்றார்.

"ஸ்ரெல்லா வருவாளோ எண்டு கேட்டவள்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"வரமாட்டாள் எண்டு சொன்னனான், ஏரம்பண்ணை."

அவர் தலையை ஆட்டினார்.  கூரையை அண்ணாந்து பார்த்தபடி வேலிப் பக்கத் தூணடிக்குப் போனார். அங்கே இருந்த முடிச்சைக் கண்டார். நான் கட்டுகிற வலை முடிச்சு அல்ல. வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிடுகிற முடிச்சு.

"நான் பழக்கிக் குடுத்த முடிச்சு" என்றார்.

மழை தொடங்கியது. தண்ணீர் கூரையில் நிற்காமல் இரண்டு பக்கமும் ஓடி விழுந்தது. உள்ளே கன்றுகளில் ஒரு துளியும் படவில்லை. நனைகிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று ஏரம்புவைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. மழைக்குள் நின்றபடி அந்த முடிச்சைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.